புல் விட்டவன் உழைப்புக்கு அஞ்சியவன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மானூர் பக்கத்து மானாவாரி நிலங்களைப் பற்றிக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், 'உழைக்க மனமில்லாமல் நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரி. படத்தில் இருந்தது என் புஞ்சை. படம் எடுக்க வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அது தானாக மண்டிய புல் இல்லை, ஆடுமாடு மேயும் தீவனப் புல்லான கொழுக்கட்டைப் புல். விதைக்கு அலைந்து, மழைக்கு முன் தூவி, வேர் பிடிக்கும்வரை ஆடு வாய் வைக்காமல் காவல் காத்து வளர்த்தது. அப்பா காலத்தில் அங்கே கம்பும் எள்ளும் விளைந்தன. அப்புறம் பருத்தி, மக்காச்சோளம் என்று வருஷம் தவறாமல் சட்டிக் கலப்பையை விட்டுப் புரட்டினோம். உழுத செவல் புழுதி ஆடிக் காற்றில் பறந்தது. மிச்சம் ஐப்பசி மழையில் ஓடையோடு போனது. மண் பரிசோதனைக்குக் கொடுத்தால், மண்ணில் மட்கு எவ்வளவு என்று காட்டும் அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே.

இப்போது ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தால், மண் குருணை குருணையாக வேரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மழை பெய்தால் பொருக்கு கட்டுவதில்லை, தண்ணீர் நின்ற இடத்திலேயே இறங்குகிறது. முதலில் திருந்துவது இதுதான். கரிமம் ஏறுவது மெதுவாகத்தான். பழைய வேர் செத்து மட்கி, புது வேர் விட்டு, மறுபடி மட்க வேண்டும். உழவில் இழந்ததை முழுக்கத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் ஆகும். அத்தனை காலம் நிலத்தைக் கிளறாமல் காத்திருப்பதற்கா சோம்பல் என்று பெயர்?

1930களில் உழுத மண்ணெல்லாம் புழுதிப்புயலாகப் பறந்ததைப் பார்த்த நாடு அமெரிக்கா. 1985இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். அரிக்கும் நிலத்தில் பயிரை நிறுத்திப் புல் வளர்த்தால் 10 முதல் 15 வருஷத்துக்கு அரசு வாடகை தருகிறது. எனக்குக் கிடைத்தது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் அடங்கல் கணக்கில் 'தரிசு' என்ற பதிவு. அதைக் காட்டிப் பயிர்க்கடன் கிடையாது என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். சும்மா கிடக்கிற நிலம்தானே, சோலாருக்குக் கொடுங்கள் என்று தரகர்கள் வாசலுக்கு வருகிறார்கள். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து நாங்கள் நொந்து கிடந்தபோது தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதுவும் தங்கள் நாளிதழில் வரவில்லை.

பொங்கல் மலரில் காங்கேயம் காளையின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போடுகிறீர்கள். அந்த மாடு மேய்ந்து வளரும் கொறங்காடு இதே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கொங்கு நாட்டில் அது பாரம்பரியம், எங்கள் சீமையில் செய்தால் சோம்பேறித்தனம் என்று எழுதினால் மனம் வலிக்காதா?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தப் படத்தை மறுபடி போட்டு, 'கொழுக்கட்டைப் புல் பயிரிட்ட புஞ்சை' என்று கீழே ஒரு வரி திருத்திப் போட்டால் போதும். முடிந்தால், அதன் விதை எங்கே கிடைக்கும் என்று வேளாண் பக்கத்தில் விசாரித்து வெளியிடுங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வருகிறார்கள், எல்லாருக்கும் கொடுக்க என்னிடம் விதை இல்லை.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
மானூர் வட்டாரம், திருநெல்வேலி