தாடி வைத்த கங்கை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரோம் பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பியாஸ்ஸா நவோனா சதுக்கத்தில் இருக்கும் நான்கு நதி நீரூற்றின் படத்தில், ஒரு கையைத் தூக்கிக்கொண்டிருக்கும் சிலைக்குக் கீழே ‘கங்கை’ என்று அச்சாகியிருந்தது. அவர் கங்கை இல்லை, தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா. ஸ்பானிய மொழியில் ‘பிளாட்டா’ என்றால் வெள்ளி. அதனால்தான் அவருக்குப் பக்கத்தில் காசுகள் கிடக்கின்றன.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் அங்கே போய் முழித்தவள்தான். கங்கையும் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பெண் சிலையைத் தேடி நீரூற்றை மூன்று சுற்றுச் சுற்றினேன். நான்கு பேருமே கட்டுமஸ்தான ஆண்கள்! கடைசியில் எங்கள் வழிகாட்டிதான், நீளமான துடுப்பைப் பிடித்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்த ஒரு தாடிக்காரரைக் காட்டி, “இவர்தான் கங்கை” என்றார். கங்கா மாதா என்றே சொல்லி வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பழைய ரோமானியர்களுக்கு ஆறு என்றாலே தாடி வைத்த ஆண் தெய்வம்தான். இந்த நீரூற்றை வடிவமைத்த சிற்பி பெர்னினியும் அந்த வழக்கத்தையே பின்பற்றியிருக்கிறார். துடுப்பு, கப்பலும் படகும் ஓடும் பெரிய ஆறு என்பதற்கு அடையாளம். அன்றைய ஐரோப்பியர் கணக்கில் உலகமே நான்கு கண்டம்தான். ஆசியாவுக்கு கங்கை, ஆப்பிரிக்காவுக்கு நைல், ஐரோப்பாவுக்கு டான்யூப், அமெரிக்காவுக்கு பிளாட்டா.

அப்புறம் அந்தக் கதை. எதிரே பெர்னினியின் போட்டியாளர் பொரோமினி கட்டிய தேவாலயம் இருக்கிறது. அது இடிந்து தலையில் விழுந்துவிடும் என்று பயந்துதான் பிளாட்டா கையைத் தூக்குகிறார், அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நைல் தலையை மூடிக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எங்கள் வழிகாட்டியும் இதையே சொன்னார், நாங்களும் கைதட்டினோம். ஆனால் நீரூற்று திறக்கப்பட்டது 1651இல், தேவாலய வேலை தொடங்கியது 1652இல், பொரோமினி அதற்குள் வந்ததோ 1653இல்தான். இல்லாத கட்டடத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? நைல் எங்கே பிறக்கிறது என்று அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. முகம் மறைந்திருப்பது அதற்காக.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலைகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் கல் தூண் சுமார் 16 மீட்டர். அத்தனை கனத்தையும் தாங்கும் பாறையை பெர்னினி உள்ளே குடைந்து விட்டிருக்கிறார். குனிந்து பார்த்தால் தூணுக்கு நேர் கீழே வெறும் வெளி, அதன் வழியாக அந்தப் பக்கம் நிற்பவர்களின் கால்கள் தெரிகின்றன. ஒரு பக்கத்துப் பொந்திலிருந்து சிங்கம் ஒன்று கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்க வருகிறது. நான் அதிக நேரம் நின்றது அந்தச் சிங்கத்திடம்தான்.

இதைக் கட்டச் சொன்ன போப் பத்தாம் இன்னசென்ட்டை ஊரே திட்டியதாம். ரொட்டிக்குத் திண்டாடிய நாட்களில் தூணும் நீரூற்றும் யார் கேட்டது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய குடும்ப மாளிகையும் அதே சதுக்கத்தில்தான் இருக்கிறது, தூண் உச்சியில் இருக்கும் புறாவும் அவர் குடும்பச் சின்னம். திட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். சரியான படம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். என் கணவர் கங்கையின் முழங்காலை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவரை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி