70 இடத்துக்குள் அடங்காத ஆலோசனை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு விவசாயிகளின் கையில் செல்போன் இருக்கிறது, ஆலோசனையைக் குறுஞ்செய்தியாகத் தட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், அதில் எவ்வளவு தமிழ் பிடிக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்திடம், தமிழுக்கு 70. அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக இடம் பிடிக்கும். 'பூச்சிக்கொல்லி' கண்ணுக்கு 7 எழுத்து, செய்திக்கு 14 இடம். ஐந்து முறை சேர்த்து அடித்தால் செய்தி நிரம்பிவிடும்! நீண்டால் துண்டாகும், துண்டுக்கு 67 இடம்தான். ஒரு துண்டு வராமல் போனால் மீதி புரியாது.

இடம் போதாமல் சுருக்கும்போது முதலில் அடிபடுவது மருந்தின் அளவு. '2 மில்லி' என்று மட்டும் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கா, தெளிப்பான் டேங்குக்கா? லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி. டேங்குக்கே 2 மில்லி ஊற்றினால் பூச்சி சாகாது. மருந்து சரியில்லை என்று கடைக்காரர் வேறொன்றைக் கொடுப்பார்.

குரல் அழைப்பே மேல். ஆனால் வணக்கமும் துறையின் பெயரும் முதலில் வந்தால் விளம்பரம் என்று துண்டித்துவிடுவார்கள். எடுத்தவுடன் பயிரின் பெயர், நட்டு எத்தனை நாள் ஆன பயிருக்கு என்பது. பிறகு டேங்க் கணக்கில் அளவு, இரண்டு முறை. அதே எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கேட்க வழி வேண்டும். அழைப்பு வரும்போது போன் வரப்பில் கிடக்கும், ஆள் சேற்றில் நிற்பார்.

படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். மஞ்சளான இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் உதவாது. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம்; நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். பறித்த இலை எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? முழுச்செடி ஒரு படம், செடியிலேயே அந்த இலை ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று. வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் அங்கேதான் ஒண்டியிருக்கும். லென்ஸைத் துடைத்து, ஜூம் செய்யாமல், ஒரு சாண் தூரத்தில் எடுக்கவும். கடைசியாக அடித்த மருந்தையும் அடித்த நாளையும் குரல்பதிவில் சொல்லிவிடவும்.

இன்னொன்று: பதிவேட்டில் உள்ள எண் பல வீடுகளில் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது, களையெடுப்பதும் மருந்தடிப்பதும் ஊரில் இருக்கும் அம்மா. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் அனுப்புநர்கள் ஒருமுறை அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்து எண்ணைத் திருத்த வேண்டும்.

– ஒரு வாசகர்