ஐரோப்பிய வணிகப் பயணம்: ஆவணங்களில் கோட்டை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் நடக்கும் வணிகக் கண்காட்சிகளைப் பற்றிய அறிவிப்புகளை வெளியிடும்போது, விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரங்கு வாடகையையும் டிக்கெட் விலையையும் பைசா பைசாவாகப் பார்க்கும் சிறு தொழில்முனைவோர், ஆவண வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு 15 நாளில் வர வேண்டும் என்பது விதி. ஆனால் கூடுதலாக விசாரிக்க நினைத்தால் 45 நாள் வரை இழுக்கலாம். கட்டணம் 90 யூரோ. மறுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லக்கூடியதாகவும், 2 பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததில்தான் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் ஒரு தேதி, ஓட்டல் பதிவில் வேறு தேதி, காப்பீடு ஒருநாள் குறைவு என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். அழைப்பவர் கடிதத்தில் பாஸ்போர்ட் எண், வரும் நோக்கம், தேதிகள், செலவை யார் ஏற்கிறார் என்பவை தெளிவாக இருக்கட்டும். பெயர் விசிட்டிங் கார்டில் உள்ளபடி இருந்தால் போதாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்து பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் கடிதத்திலும் இருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை, கூட்டம், கண்காட்சி ஆகியவற்றுக்குத்தான் வணிக விசா. விற்ற இயந்திரத்தை வாங்கியவரின் ஆலையில் பொருத்திக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜெர்மனியில் அதற்குத் தனி விதி உண்டு. விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். உதாரணமாக, செல்லுபடியாகும் காலம் ஒரு மாதம் என்றிருக்கும். தங்கும் நாள் கட்டத்தில் 12 என்றிருக்கும். அந்த 12தான் கணக்கு. இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். கிளம்பும் நாளும் சேரும். உள்நுழைவுக் கட்டத்தில் 01 என்றிருந்தால், இடையில் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போய்விட்டு மறுபடி ஃபிராங்க்ஃபர்ட்டுக்குள் நுழைய முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. அவற்றுக்கு விசாவும் தனி. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில், எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவில் வசிக்கும் இந்தியர் 3 ஆண்டுக்குள் 2 விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா பெற 2024 ஏப்ரலில் வழி திறந்தது. அந்த வாய்ப்பை ஒருநாள் அசட்டையால் இழக்க வேண்டாமே.

 

மாதிரிப் பொருட்கள் பற்றி யாரும் எழுதுவதில்லை. திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுத்தால் சுங்க வரி கட்ட வேண்டாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தருகிறது, ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளின் விவரம், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் பட்டியலில் வர வேண்டும். கார்னெட் கிடைத்தபின் ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. இலவசமாகக் கொடுக்கும் துண்டறிக்கையும் தின்பண்டமும் இதில் அடங்கா. புறப்படும்போதும் திரும்பும்போதும் நம் சுங்கத்தில் கார்னெட்டின் மஞ்சள் தாளில் முத்திரை. அங்கே நுழையும்போதும் வெளியேறும்போதும் வெள்ளைத் தாளில். பலர் தவறவிடுவது அங்கிருந்து வெளியேறும்போது விழ வேண்டிய முத்திரையைத்தான். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் சுங்க அதிகாரியிடம் காட்டப் பொருள் கையில் இருக்காது. அந்த முத்திரை இல்லையென்றால் பொருள் ஐரோப்பாவிலேயே விற்கப்பட்டதாகக் கருதி, பல மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். அதனால் பெட்டியோடு முதலில் சுங்க அலுவலகம், பிறகு செக்-இன். இதற்கென்று கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியில் உள்ள வாசகர்