அந்தப் பேப்பரை அனுப்பு, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுவது.

கொள்ளுப்பொடியும் கடலை உருண்டையும் கொரியரில் போட்டிருக்கிறேன். ஏழாம் மாதம், மாடிப்படி ஏறி இறங்காதே. வளைகாப்புக்கு அப்பத்தா வளையலைப் பாலிஷ் போடக் கொடுத்தாயிற்று.

ரத்தப் பரிசோதனைப் பேப்பரை அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டேன். "எல்லாம் நார்மல்மா" என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிறு போனே இல்லை. இவ்வளவு படித்த பிள்ளை, ஒரு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்ப முடியாதா? சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் எனக்கு வேண்டாம். ஹெச்பிஎஸ்ஏஜி என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்.

தீபாவளிக்கு வந்தபோது என் நகவெட்டியை உன் கையிலிருந்து பிடுங்கினேனே, அதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை நீ. காரணம் இருந்தது கண்ணு.

பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்களே, அன்றே தெரியும். எனக்கு ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் கிருமி. அந்த ஹெச்பிஎஸ்ஏஜி வரி அதைத்தான் காட்டும். அப்போது உன் ஜாதகம் நாலு இடத்துக்குப் போயிருந்தது. வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பயந்தேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் பரிசோதனை செய்து, ஆறு மாதத்துக்குள் மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்று. காலேஜில் கேட்கிறார்கள் என்று தம்பியிடம் பொய் சொன்னேன். என் வயிற்றில் பிறந்த உன்னைத்தான் முதலில் கூட்டிப்போயிருக்க வேண்டும். உன்னை மட்டும் விட்டுவிட்டேன்.

ரத்தத்தின் வழியாகவும் தாம்பத்தியத்திலும் பரவும். காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் உயிரோடு இருக்குமாம், பிளேடு, நகவெட்டி எல்லாம் அதனால்தான் ஆகாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. அது தெரியாமல் நான் ஒரு வருஷம் தனித்தட்டு வைத்துக்கொண்டு, கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதுதான் மோசம். அப்படித் தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு ஆயுசுக்கும் ஈரலில் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, நீ ஆரோக்கியமாக இருக்கிறாய் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. நீ பிறந்த 1996-இல் அரசு தடுப்பூசிப் பட்டியலில் இந்த ஊசியே இல்லை. இப்போது இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரத்தில். தாய்க்கு இருந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கிருமி அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் உனக்கு மாத்திரையும் உண்டு. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

அந்த வரியில் பாசிட்டிவ் என்று இருந்து, நான் மறைத்த மாதிரி நீயும் மறைக்கிறாயோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இருந்தால் அது உன் தப்பில்லை சாமி. என்னிடமிருந்து வந்தது.

மாப்பிள்ளையும் பரிசோதனை செய்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தால், போனை அவர் கையில் கொடு. நானே சொல்கிறேன்.

அம்மா