வெறும் மரத்தில் படம் நிற்காது என்று யாராவது சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாளிதழின் சுயதொழில் பகுதியில் சப்ளிமேஷன் பிரிண்டிங் பற்றி, அதாவது தாளில் பிரிண்ட் எடுத்த படத்தைச் சூட்டில் அழுத்திப் பொருள்மேல் ஏற்றும் முறை பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். கப், டி-ஷர்ட், மரப்பலகை, சாவிக்கொத்து என்று எதில் வேண்டுமானாலும் படம் போடலாம், பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சம்பாதிக்கலாம்தான், நானும் அம்பாசமுத்திரத்தில் வீட்டு முன்னறையில் ஒரு ஹீட் பிரஸ் (சூட்டோடு அழுத்தும் மெஷின்) வைத்துக்கொண்டு இதே தொழிலைத்தான் செய்கிறேன். ஆனால் மரத்தில் படம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் ஒரு கோட்டிங் வேண்டும் என்ற ஒரே ஒரு வரி அந்தக் கட்டுரையில் இல்லை. பயிற்சி வகுப்புகளிலும் அதைச் சொல்வதில்லை, மெஷின் விற்பவர்களும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குழுவில் கடன் வாங்கி மெஷின் எடுத்த பெண்கள் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று பல ஊர்களிலிருந்து எனக்குப் போன் செய்கிறார்கள். கேள்வி எல்லாம் ஒன்றுதான். "யக்கா, கப்புல நல்லா விழுது, மரத்துல மட்டும் ஒட்டவே மாட்டேங்கு, மெஷின்ல கோளாறா இருக்குமோ?" மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஆசாரியிடம் வாங்கிய பலகையை அப்படியே பிரஸ்ஸில் வைத்திருப்பார்கள், படம் புகை படிந்த மாதிரி மங்கலாக வந்திருக்கும். சூட்டைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவார்கள், மரம் கருகுவதுதான் மிச்சம். வட்டி கட்டுகிற காசில் வாங்கிய மையும் தாளும் இப்படி வீணாகிறது.

விஷயம் இதுதான். சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில், தாளில் இருக்கும் சாயம் தட்டில் வைத்த கற்பூரம் கரைவதுபோல உருகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவி பாலியஸ்டர் மாதிரிப் பொருளுக்குள்தான் புகுந்து தங்கும். டி-ஷர்ட் பாலியஸ்டராக இருக்க வேண்டும் என்பதும், சப்ளிமேஷன் கப் என்று தனியாக விற்பதும் இதனால்தான், அந்தக் கப்பின்மேல் ஏற்கெனவே கோட்டிங் போட்டிருக்கிறார்கள். பருத்தியிலும் மரத்திலும் சாயத்தைப் பிடித்துவைக்க ஒன்றும் கிடையாது. பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை பெண் போட்டோ போட்டுத் தர முடியுமா என்றுகூடக் கேட்கிறார்கள், கோரையும் அப்படித்தான், அதில் இந்த முறை நடக்காது.

இன்னொன்று, இந்த மையில் வெள்ளை நிறம் கிடையாது, இருக்கிற நிறங்களும் கண்ணாடி மாதிரி ஊடே தெரிபவை. அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அது படத்தில் கலந்துவிடும். தேக்கில் போட்டால் முகமெல்லாம் கறுத்துப்போகும். மஞ்சள் கடம்பில் போட்டால் நெல்லையப்பர் கோபுரம் நன்றாகத்தான் இருக்கும், பின்னால் இருக்கும் நீல வானம் பச்சையாகச் சாய்ந்துவிடும். எழுத்தும் கோட்டுச் சித்திரமும் மரத்தின் நிறத்திலேயே அழகாக இருக்கும், கலர் போட்டோ என்றால் வெளிறிய மரம் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் வெள்ளை பி.யூ, அதாவது பாலியூரித்தேன் பூச்சு, ஒரு கை கொடுத்துவிட்டு அதன்மேல் நிறமில்லாத கிளியர் பூச வேண்டும்.

கோட்டிங் போட்ட எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகள் ரெடிமேடாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பீர்கள். கிடைக்கின்றன, அவசர ஆர்டருக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அதெல்லாம் வெளியூரிலிருந்து கூரியரில் வருகிறது, ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடுகிறது, பக்கத்துக் கடைக்காரரும் அதே இதய வடிவத்தையும் அதே வீட்டு வடிவத்தையும்தான் வைத்திருக்கிறார். அம்பை என்கிற நம் அம்பாசமுத்திரத்தில் தலைமுறை தலைமுறையாக மரம் கடைந்து சொப்புச் சாமான் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்பு கடைந்த வட்டப் பலகை, டம்ளர் வைக்கும் தட்டு, சாவி மாட்டும் பலகை என்று கேட்டால் கேட்ட அளவில் செய்து தருவார்கள். அதை நாமே வீட்டில் கோட்டிங் போட்டு எடுத்தால் காசு இரண்டு வீட்டுக்கும் போகும். எனக்கு இந்த எண்ணம்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் முறை தெரியாமல் இறங்கினால் கெட்ட பெயர்தான் மிஞ்சும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீளத்துக்காகக் கோபிக்க வேண்டாம்.

கடைசல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது, "அண்ணாச்சி, அரக்கு ஏத்தாம வெறும் மரமா தாங்க" என்பதுதான். சக்கரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே அது இளகிப் படிகிறது, அதுதான் சொப்புக்கு அந்தப் பளபளப்பைத் தருகிறது. அந்தச் சூட்டுக்கே இளகுகிற பொருள் 190 டிகிரியில் என்ன ஆகும்? தாளோடு ஒட்டி இழுபடும். விளிம்பில் மட்டும் அழகுக்கு அரக்கு இருக்கட்டும் என்றாலும் ஆகாது, பிரஸ்ஸின் தட்டு விளிம்பையும் சேர்த்துத்தான் அழுத்தும்.

ஆசாரியிடம் வாங்கும்போது இதைவிட முக்கியமான ஒன்று. பழக்கத்தில் அவர்கள் மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கை அடித்துத் தேய்த்துத் தந்துவிடுவார்கள், தொட்டால் வழவழவென்று இருக்கும். அது பெரும்பாலும் என்.சி. சீலர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ். எளிதில் தீப்பிடிக்கிற பொருள், சூட்டுக்கு ஆகவே ஆகாது. அதை ஹீட் பிரஸ்ஸுக்குள் வைக்கவே கூடாது. சீலர் அடித்த பலகையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

வெறும் மரம் கைக்கு வந்ததும் 180 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 320 வரை, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் கோட்டிங் போட்ட பிறகும் படத்துக்குள் கோடு கோடாகத் தெரியும். தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு அப்புறம் பூச்சு. வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது வாட்டர் பேஸ் பி.யூ கிளியர், பெயின்ட் கடையில் அப்படியே கேட்கலாம். ஈரத்தில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். சப்ளிமேஷன் கோட்டிங் என்றே பாட்டிலில் விற்பதும் உண்டு, அதில் சில வகைகளைப் பூசிய பிறகு 'அவன்' (oven) அடுப்பில் வைத்துச் சுட வேண்டியிருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மெல்லிசாகப் பூசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே தடவையில் தடிமனாக இழுத்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், பிரஸ் அழுத்தும்போது கொப்புளம் வரும். நல்ல பிரஷில் மெல்லிசாக ஒரு கை, காய்ந்ததும் எழுந்து நிற்கிற மரநாரை 320 உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிட்டு அடுத்த கை, மறுபடி தேய்த்து மூன்றாவது கை. ஓரங்களையும் பின்பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரக்காற்றில் வளைந்துகொள்ளும். பூசிய பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், எங்காவது மங்கலாகத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் மரம் பூச்சைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், படமும் சரியாக அங்கேதான் வெளுக்கும்.

அப்புறம் பொறுமை. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூச்சு உள்ளுக்குள் முழுதாக இறுகிக் கெட்டிப்படப் பல நாள் ஆகும், சில தயாரிப்புகளுக்கு வாரக்கணக்கிலும் ஆகும். அதற்கு முன் பிரஸ்ஸில் வைத்தால் தாள் அப்பிக்கொண்டு பிய்ந்து வரும். அதிலும் நம் பக்கத்து ஆனி, ஆடிச் சாரல் இருக்கிறதே, வெயில் அடித்துக்கொண்டே தூறும், காற்றில் ஈரம் இறங்கவே இறங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையைச் சொல்லவே வேண்டாம். ஆனித் தேரோட்டத்துக்கு விற்க வேண்டும் என்றால் சித்திரை வெயில் காலத்திலேயே பலகைகளைப் பூசி அடுக்கி வைத்துவிட வேண்டும், திருவிழா நெருங்கியதும் தொடங்கினால் நடக்காது. காயவைப்பதும் நிழலில், தூசி இல்லாத இடத்தில். மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும்.

அழுத்துவதற்கு முன் பலகையை வெறுமனே பத்துப் பதினைந்து விநாடி பிரஸ்ஸில் சூடு காட்டினால் மரத்தில் இருக்கும் ஈரம் போய்விடும், இல்லாவிட்டால் அது நீராவியாகக் கிளம்பிப் படத்தைக் கலைக்கும். பிறகு கண்ணாடிப் பிம்பமாக பிரிண்ட் எடுத்த தாளை ஹீட் டேப் போட்டு ஒட்டி, மேலே கழிவுத்தாள் ஒன்று வைத்து, 180 முதல் 190 டிகிரிக்குள் ஒரு நிமிடம் அளவில், மிதமான அழுத்தம். அதே மரத்தில் அதே பூச்சு பூசிய துண்டில் முதலில் பார்த்துவிட்டு ஆர்டர் பலகையில் கை வையுங்கள், ஒவ்வொரு பூச்சுக்கும் சூடும் நேரமும் கொஞ்சம் மாறும். எடுத்ததும் சூட்டோடு தாளை ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, கனமான ஒன்றின் அடியில் தட்டையாக ஆறவிட்டால் பலகை வளையாது.

பாதுகாப்பைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒன்றும் இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம் அதிகம். ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே பி.யூ இன்னும் கெட்டியாக நிற்கும் என்று ஆசாரிமார் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். சாதாரணத் துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. தின்னர் ஆவியோ அடுப்பு நெருப்புக்குப் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் புழங்குகிற வீட்டில், அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்ப்ரே அடிக்கிற வேலை அல்ல அது. வாட்டர் பேஸ் ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள், பிரஸ் ஓடும்போதும் அப்படியே.

சொப்புச் சாமானில் படம் போட்டுத் தரச் சொல்லி வந்தால் நான் மறுத்துவிடுகிறேன். அது பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருள், அரக்கு பூசியே இருக்கட்டும். பலகாரம் நேரே படுகிற தட்டுக்கும் இந்தப் பூச்சும் மையும் வேண்டாம். வாசலில் மாட்டுகிற பெயர்ப் பலகை கேட்பவர்களிடமும் நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சாயம் வெளுத்துவிடும், வீட்டுக்குள்ளே மாட்டுங்கள் என்று சொல்லியே கொடுக்கிறேன். கல்யாணத் தாம்பூலப் பையில் போடுகிற சாவிக்கொத்து, பள்ளி ஆண்டுவிழா நினைவுப் பரிசு, மேசை நாள்காட்டிப் பலகை இவற்றுக்கெல்லாம் இது அருமையான முறை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, சுயதொழில் பகுதியில் இந்தக் கோட்டிங் விஷயத்தை மட்டும் தனியாக ஒரு முறை எழுதுங்கள், மூச்சுக்கும் நெருப்புக்கும் உள்ள எச்சரிக்கையோடு. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் மெஷினை ஓட்டக் காட்டுவதோடு நிறுத்தாமல், பலகை தேய்த்துப் பூசுகிற வேலைக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்பையில் அப்படி ஒரு வகுப்பு வைத்தால் கடைசல் பட்டறைக்காரர்களையும் கூப்பிடலாம், எந்த மரம், எந்த அளவு, என்ன விலை என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம். நானும் வந்து பூசிக் காட்டத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்.