பெயர்ப்பலகையைவிட நிலத்தடித் தொட்டியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்த நிறுவனத்து பங்க்கில் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்ற பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஓய்வதேயில்லை. நீடாமங்கலம் பகுதியில் விவசாயம் செய்துகொண்டு, டிராக்டருக்கு டீசலும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலும் பல ஆண்டுகளாக வாங்கிவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களுக்குள், ஒன்றின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் எண்ணெயை மற்றொன்று எடுத்து விற்பது வழக்கமாக நடப்பதுதான். தனியார் பங்க்குகள் உட்பட எல்லோருக்கும் தர நிர்ணயம் ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி, பெட்ரோலானாலும் டீசலானாலும் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் வகைகளில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவ்வளவே.

வித்தியாசம் தொட்டியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயலும் சாலையும் ஒரே மட்டமாக நீர் கட்டி நிற்கும் நம் டெல்டாவில், தொட்டியின் மூடியோ குழாய் இணைப்போ சற்றுத் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். டீசலில் இறங்கிய நீர் தனியாக அடியில் தங்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் நிலைமை இன்னும் சிக்கலானது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொண்டே போய், ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடுகின்றன.

கடந்த கார்த்திகையில் நான்கு நாள் அடைமழைக்குப் பின் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிய என் வண்டி, இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் திணறி நின்றது. மெக்கானிக் டேங்க்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே தெளிந்த பெட்ரோல்; அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக வேறொரு திரவம்; நடுவில் கோடு கிழித்ததுபோல் எல்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு பங்க்கில்தான் நான் டிராக்டருக்கு டீசல் வாங்குகிறேன். அங்கே ஒரு நாளும் குறை கண்டதில்லை.

வாடிக்கையாளர் கேட்டால் வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்து காட்ட வேண்டும். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் அளந்தும் காட்ட வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தாளில் விடும் ஒரு சொட்டு, மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்தைக் காட்டிக்கொடுக்குமே தவிர, தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீரைக் காட்டாது. அதற்கு, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலின் நுனியில் தடவித் தொட்டிக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதற்கென உள்ள பசையே வேண்டும். பொறுப்புள்ள பங்க்காரர்கள் தினமும் காலையில் இதைச் செய்துவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்குகிறார்கள்.

டெல்டா மாவட்டங்களில் மழைக்காலம் முழுவதும் இந்தச் சோதனையின் முடிவை, அன்றைய அடர்த்தியை எழுதும் பலகையிலேயே நேரம் குறிப்பிட்டு எழுதி வைக்க எண்ணெய் நிறுவனங்கள் உத்தரவிட வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாள் மாவட்ட வழங்கல் அலுவலர்கள் தாழ்வான பகுதி பங்க்குகளை நேரில் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இது நடக்கத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
நீடாமங்கலம்.