இன்னும் ஒரு கரண்டி வைக்காதீர்கள், மதினி!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்குச் செய்யலாம், எத்தனை வகை உண்டு, சிறு துளைகள் வழியாக எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆனால் நோயாளி வீடு திரும்புகிறார் என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. வீடு திரும்பிய பிறகுதானே கூத்தே ஆரம்பிக்கிறது! அதைப் பட்டவள் என்ற முறையில், இப்போது ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

நான் செங்கோட்டையில் தையற்கடை வைத்திருப்பவள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ள, முழங்கால் தேய்ந்து, மிஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் ஒன்று திருநெல்வேலி, இல்லாவிட்டால் மலை தாண்டித் திருவனந்தபுரம். அண்ணன் வீடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் இருப்பதால் நான் மலை தாண்டினேன். இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல விட்டுவைக்கும் ஆபரேஷன் எனக்கு நடந்தது. பிறகு சில வாரங்கள் மதினியின் கவனிப்பில் இருந்தேன். மதினி தங்கமானவர். ஆனால் ஒரு மனுஷி அரைக் கிண்ணம் பருப்புத் தண்ணீரோடு எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

முதலில் பசியைப் பற்றிச் சொல்கிறேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. என்னுடைய ஆபரேஷனில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. அதனால் ஆரம்ப மாதங்களில் பலருக்குப் பசி என்பதே தெரியாது. ‘அப்பாடா, பட்டினி கிடந்தால் இன்னும் சீக்கிரம் இளைக்கலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடம்புக்கு வேண்டிய புரதம் போகாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பதே ஆறு கிராம் அளவுதான் என்று தெரிந்தால், அந்தச் சின்ன வயிற்றுக்குள் இதைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். பசிக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

கையில் கொடுத்தனுப்பும் உணவுப் பட்டியலைப் பார்த்துப் பலரும் மிரண்டுபோகிறார்கள். புரோக்கோலி சூப், ஓட்ஸ், யோகர்ட் என்று அதில் இருப்பதில் பாதி எங்கள் கடைத்தெருவில் கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம். எங்கள் அடுக்களையே போதும். முதல் இரண்டு வாரம் வெறும் திரவம் என்றால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த மோர், காரமில்லாத ரசம், ஆடை நீக்கிய பால். அடுத்து மசித்த உணவு என்றால், சொதிக்குப் போடும் பாசிப்பருப்பையே தேங்காய்ப்பால் இல்லாமல் நன்றாகக் குழையவிட்டு மசித்துக்கொள்ளலாம். கருப்பட்டி போடாத உளுந்தங்கஞ்சியும் ஆகும். பிறகு முட்டை, முள் எடுத்து உதிர்த்த சாளை மீன். சாளையைப் போல மலிவாகவும் மென்மையாகவும் இருந்து புரதம் தரும் பொருள் எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. ஆரியங்காவில் ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும்தான். நான் பயற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கஞ்சியை விட்டுவிடுவேன். புட்டும் கடலையும் வைத்தால் கடலை மட்டும் எனக்கு, அதுவும் குழைய வெந்திருந்தால். புட்டு நெஞ்சில் நிற்கும். முதலில் புரதம், பிறகு காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால் சோறு. சோற்றைக் குவித்து அதற்குள் குழி பறித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை சுலபமாக வந்துவிடாது. ஆறு எட்டு வாரம் கழித்துத்தான் சாதாரணச் சாப்பாட்டுக்கு வர முடியும். இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதை அல்ல.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக, நாள் முழுவதும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் சாரல் அடிக்கும்போது தாகமே எடுக்காது. ஆபரேஷன் முடிந்தவர்கள் தண்ணீர்ச் சத்து குறைந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுப்பது இப்படித்தான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, ஒரு கை முடித்தால் ஒரு மடக்கு, கழுத்து முடித்தால் ஒரு மடக்கு என்று நான் வைத்துக்கொண்டேன். சோடாவும் கலர் பானங்களும் வேண்டவே வேண்டாம்.

‘புரோட்டா எப்போது சாப்பிடலாம்?’ இந்த ஆபரேஷன் செய்துகொண்டு என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களின் முதல் கேள்வி இதுதான். குற்றாலத்துக்கு வருகிறவன் அருவியை மறந்தாலும் பார்டர் புரோட்டாவை மறப்பதில்லை. அந்தக் கடைகளின் வாசனையிலேயே குடியிருப்பவர்கள் கேட்பதில் என்ன தப்பு? ஆனால் மைதா மாவும், காய்ந்த கோழிக்கறியும், ரொட்டியும் அந்தக் குறுகலான வழியில் அடைத்துக்கொண்டு படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைவிட நான் பயப்படுவது அடைக்காத பண்டங்களுக்குத்தான். நேந்திரங்காய் சிப்ஸ், மிக்சர், ஐஸ்கிரீம், வாயில் வைத்ததும் கரையும் அல்வா. இவை வயிறு நிறைந்தது என்ற உணர்வையே தராமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆபரேஷன் அளவைக் குறைக்கிறதே தவிர, அளவுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் மிக்சரை மாலை முழுவதும் கொறித்துக்கொண்டே எடையைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் வகை செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு வேறு விதமாகவும் புத்தி சொல்லும்: பாயசம் குடித்த சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. குழாய் வகை செய்துகொண்ட எங்களுக்கும் சில சமயம் அது வரும்.

விசேஷ வீடுகளுக்கு வருகிறேன். ஓணத்துக்கு அந்தப் பக்கம் சத்யை என்ற இலை விருந்து, கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் பந்தி. இலையில் ஏதாவது மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர் முகம் வாடிப்போகும். ‘ஒரு கரண்டிதானே, வயிறு என்ன சொல்லப்போகிறது?’ என்பார்கள். சொல்லும், அம்மா. முழுங்கிய ஒரு வாய் அதிகமானால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல வலிக்கும். எழுந்து ஓடி வாந்தி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பரிமாறுகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அன்பைக் கரண்டியில் அளக்காதீர்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு யோசனை: பந்தியில் உட்காருவதற்கு முன்பே வீட்டில் ஒரு முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் அவியலும் கூட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு, மென்று மென்று, மற்றவர்கள் எழுந்திருக்கும்வரை அதையே வைத்து ஓட்டுங்கள். ‘அல்சர் இருக்கிறது’ என்று பொய் சொல்லலாமா என்று ஒரு பெண் கேட்டாள். சொல்லிக்கொள், யாருக்கு என்ன நஷ்டம்?

அளவு விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் தினமும் ஏறி நிற்காதீர்கள். முதல் மாதங்களில் மளமளவென்று இறங்கும் எடை, திடீரென்று சில வாரங்கள் அசையாமல் நின்றுவிடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அழுகிறவர்கள் அப்போதுதான் வருகிறார்கள். நான் இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பையும் மேல்கையையும் அளந்து, பழைய ரவிக்கை அளவுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். எடை நின்ற வாரங்களிலும் அளவு குறைந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் வருடத்தில் புதுத் துணி எடுத்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். பழைய ரவிக்கையையே பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். வெட்டாமல் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிற்காலத்தில் கொஞ்சம் எடை கூடுவது பெரும்பாலோருக்கு நடக்கிற காரியம், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சுடிதாருக்கு நாடாவோ எலாஸ்டிக்கோ போதும். தொங்கும் தோலின் மடிப்பில் வியர்த்துப் புண்ணாகாமல் இருக்க, மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். தோலை எடுக்கும் ஆபரேஷன் வேண்டுமென்றால் எடை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், ஒன்றரை வருடமாவது ஆகும்.

முடி கொட்டும். மூன்றாவது மாதத்திலிருந்து சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். பெண்களை இது உடைத்துப்போட்டுவிடுகிறது. பெரும்பாலும் அது தானாகவே நின்று திரும்ப வளரும், புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால். எண்ணெய் வியாபாரிகளிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான விஷயம். எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலர், எடை இறங்கியதும் மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று அந்த வளைவுகளில் பஸ்ஸில் போய், இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போகும், உடம்பும் போகும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பி12 உயிர்ச்சத்து குடலில் சேர்வதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பையே சுருங்கிவிட்ட பிறகு அது குறைந்துபோகும். கல்லீரலில் இருக்கும் பழைய சேமிப்பு கரைய நாளாகும் என்பதால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. தெரியும்போது கால் மரத்திருக்கும், மறதி வந்திருக்கும். இரும்பு, சுண்ணாம்பு, டி உயிர்ச்சத்து எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அந்த மாத்திரைகள் ஆயுள் முழுவதற்குமானவை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் அது போட்டும் போடாத கணக்குதான்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்பு போட்ட மாத்திரையை அதே அளவில் தொடரவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை சீக்கிரமே இறங்கிவிடும். பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழ நேரிடும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகைகளைத் தொடாதீர்கள், முக்கியமாக பைபாஸ் செய்துகொண்டவர்கள். வயிற்றில் புண் வரும். புகையும் அப்படியே. மதுவோ, முன்பு நாலு கிளாஸ் செய்த வேலையை இப்போது ஒன்றே செய்துவிடும், பழக்கமும் சீக்கிரம் முற்றும். எல்லை தாண்டிக் கள்ளுக்கடைக்குப் போகிற அண்ணன்மார் இதைக் கவனிக்கவும். எடை குறையும்போது, முன்பு நின்றுபோயிருந்த மாதவிலக்கு ஒழுங்காகிக் கருவும் தங்கும். ஆனால் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்பதைப் புதுமணத் தம்பதிகள் மறக்க வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குக் கைவைத்தியமே கூடாது. முதல் வாரங்களில் காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக அடிப்பது, விடாத வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் வண்டியைப் பிடியுங்கள். நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ, அது பி1 உயிர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே ஊசி போட வேண்டும். பழைய ஆபரேஷன் பற்றித் தெரியாத டாக்டரிடம் போக நேர்ந்தால், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். நான் அதைப் படம் எடுத்துப் போனிலும் வைத்திருக்கிறேன், கடை டிராயரிலும் நகல் வைத்திருக்கிறேன்.

‘காசு கொடுத்து வயிற்றை அறுத்துக்கொண்டாள், நடந்தால் இளைத்திருக்கமாட்டாளா?’ என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். குண்டாறு அணைக்குப் போகிற பாதையில் காலையில் நான் நடக்கும்போது எதிரே வருகிறவர்களில் இரண்டு பேர் அந்த ரகம். முழங்கால் தேய்ந்தவளை நட என்று சொல்வது எளிது. இப்போது நடக்க முடிகிறது, அதனால் நடக்கிறேன். அவர்களுக்கு வணக்கமும் வைக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள்கள். இந்த ஆபரேஷன் முடிந்தவர்களுக்கான உணவு முறையை எங்கள் ஊர்ப் பண்டங்களிலேயே, ஒரு டயட்டீஷியனைக் கொண்டு எழுதி வாங்கி, வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கம் வெளியிடுங்கள். அடுத்தது சுகாதாரத் துறைக்கு: வெளியூரிலோ பக்கத்து மாநிலத்திலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, பி12, இரும்பு, கால்சியம், டி உயிர்ச்சத்துப் பரிசோதனையும் டயட்டீஷியன் ஆலோசனையும் கிடைக்கச் செய்யுங்கள். முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரி,
செங்கோட்டை.